ஷெட்டில் கோலம் போடாத நாட்கள்

நான் எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பட்டறை வகுப்பு என்றால் முதுகுகளைப் பார்ப்பது என்று அர்த்தம். லேத் மெஷின்களை வரிசையாகக் கான்கிரீட்டில் புதைத்து வைத்திருந்தார்கள். மெஷினுக்கு முன்னால் இன்ஸ்ட்ரக்டர் நிற்பார். அவருக்குப் பின்னால் நான்கைந்து பையன்கள், அவர்களுக்கும் பின்னால் பெண்கள். கடைசியில் நிற்கிறவள் முன்னால் நிற்பவனின் சட்டைக் காலரை நன்றாகப் படித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, பரீட்சையில் தேறிவிடுவாள். நானும் அப்படித் தேறியவள்தான். அப்படியே எம்.இ. முடித்து அதே மாதிரி ஒரு பட்டறைக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவது புதிதில்லை என்பதால் ஸ்டாஃப் ரூமில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் அவள் வந்தாள். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லேஅவுட் இன்ஜினியராக இருந்தவள். எந்த மெஷின் எங்கே நிற்க வேண்டும், ஆள் எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அங்கே அவளுடைய வேலை. ஷிப்டும் ஆடிட்டும் அலுத்துப் போய், பாதிச் சம்பளத்துக்குப் பாடம் நடத்த வந்திருந்தாள். ஊர் ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமம். கிறிஸ்தவக் குடும்பம், ஊரில் வேதக்கார வீடு என்பார்கள். அப்பா இல்லை. அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான், கல்யாணம் ஆகவில்லை.

முதல் நாள் பட்டறையைச் சுற்றிக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி இது, இந்த மெஷினுங்கள்லாம் யாருக்குப் பயந்துக்கினு இப்டி வரிசையா நிக்குது?"

பார்த்த முதல் நாளிலேயே என்னை டி போட்டவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு பழைய கோடவுன் இருந்தது. உடைந்த பெஞ்சுகளையும் மிச்ச சிமெண்ட் மூட்டைகளையும் அதில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்தைக் கேட்டு அவள் தாளாளர் அறைக்கு நடையாய் நடந்தாள். நான் கூடவே போய் அவள் பேசுகிறபோது தலையாட்டிவிட்டு வருவேன். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இன்று இருக்கும் மெஷின் இன்னும் சில வருஷத்தில் இருக்காது, இன்றைய மெஷினுக்கென்று ஒரு லேப் கட்டினால் அது கட்டி முடிக்கும்போதே பழசாகிவிடும், அதனால் எதையும் தரையில் புதைக்காத ஒரு இடம் வேண்டும் என்பது அவளுடைய வாதம். மேசைக்குச் சக்கரம், கரும்பலகைக்குச் சக்கரம், ரோபோ கைக்குச் சக்கரம். காலையில் பிள்ளைகள் வந்து, இன்று என்ன செய்யப் போகிறோம் என்று யோசித்து, அதற்கு ஏற்ற மாதிரி இடத்தை அவர்களே அமைத்துக்கொள்ள வேண்டும். தாளாளருக்கு இதெல்லாம் எந்த அளவு புரிந்தது என்று தெரியாது. பக்கத்துக் கல்லூரியில் ரோபோ லேப் திறந்திருந்தார்கள். அது அவருக்குப் புரிந்திருந்தது. சரி என்றார்.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் தினமும் சண்டை. மில்லிங் மெஷினுக்குச் சக்கரம் வைத்தால் அதிரும், அளவு தப்பும் என்று நான் கத்துவேன். அப்படியானால் அதை மட்டும் சுவரோரம் ரப்பர் பேடு மேல் நிறுத்தலாம் என்று இறங்கி வருவாள். தரை முழுக்க ஒயர் ஓடினால் எவனாவது தடுக்கி விழுவான் என்பேன். அவள் அண்ணாந்து பார்ப்பாள். அப்படி அண்ணாந்து பார்த்ததில் வந்ததுதான் மேலிருந்து தொங்கும் கரண்டு. கூரை உத்தரத்திலிருந்து சம இடைவெளியில் பிளக்குகளும் காற்றுக் குழாய்களும், கல்யாண மண்டபத்தில் சரம் தொங்குகிற மாதிரி தொங்கின. எந்த மேசையை எங்கே தள்ளினாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் நேர் கீழே தரையில் ஒரு சின்னப் பித்தளைப் பொட்டு பதித்தோம். அதை நாங்கள் புள்ளி என்று சொன்னோம்.

புள்ளி என்று பெயர் வைத்தால் அப்புறம் என்ன வரும்? கோலம்தான் வந்தது.

மேசைகளை எங்கே நிறுத்துவது என்று தரையில் குறிக்க வேண்டும். கம்பெனிகளில் மஞ்சள் டேப் ஒட்டுவார்கள். அவளுக்கு டேப் பிடிக்காது. "டேப்ப ஒட்னா ஒருத்தனும் பிய்க்க மாட்டான்டி. ஒரு வாரம் கீதுன்னா அதுவே சட்டமாயிடும்" என்றாள். மாணவி ஒருத்தி கோலமாவு கொண்டுவந்தாள். அது கல் பொடி, பேரிங்குக்குள் போனால் மெஷின் போயிற்று என்று நான் தாம்தூம் என்று குதித்தேன். அடுத்து அரிசி மாவு வந்தது. மாவுக்கு எறும்பு வந்தது. கடைசியில் அரிசியை அரைத்துக் கரைத்து, துணியில் தோய்த்துப் போடும் மாக்கோலத்தில் வந்து நின்றோம். காய்ந்தால் தூசி பறக்காது. சாயங்காலம் பினாயில் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். அப்படியும் கொஞ்சம் எறும்பு இருக்கத்தான் செய்தது. எறும்பு ஊரும் ரோபோ லேப் எங்களுடையதாக மட்டும்தான் இருந்திருக்கும்.

தாளாளர் முதன்முதலாக அதைப் பார்த்தபோது முகம் சுளித்தார்.

"என்னம்மா இது கோலம்?"

"மாக்கோலம் சார்" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அழைப்பிதழில் பெயர் நவீன உற்பத்திக் கற்றல் மையம். எல்லாருக்கும் அது ஷெட்.

திறப்பு விழாவுக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். வெளிர்நீலப் புடவை, ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி கையில் ஒரு சின்ன பர்ஸ். விருந்தாளிகள் எல்லாம் ரோபோ கையைச் சுற்றி நிற்க, இவர் ஓரமாக நின்றார். அவள் போய் இழுத்துக்கொண்டு வந்தாள். இரும்புப் பலகை வைத்த பெரிய மேசை ஒன்று, அதன் மேல் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், டிரில்லிங் மெஷின். ஆறேழு பேர் தூக்கினாலும் அசையாத கனம். சக்கரத்தின் பிரேக்கை அவள் காலால் தட்டி விட்டாள்.

"ஒரு வெரல வெய்ம்மா. தள்ளு."

"அய்ய, இம்மாம் பெருச நானா?"

"தள்ளேன்."

அம்மா சுட்டுவிரலை வைத்தார். மேசை பூனை போல நகர்ந்தது. அவர் பயந்து கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துத் தள்ளினார். பிறகு ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வந்து என்னிடம், "இடம் இடம்னு இதுக்குத்தான் அலஞ்சிக்கினு இருந்துச்சாம்மா? நானும் இதக் கட்டிக் குடுக்க எத்தினியோ எடம் பாத்தேன், ஒண்ணும் குதிரல" என்றார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷெட்டுக்கு வந்த பிள்ளைகளில் ஒரு பகுதி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்கள், பெரும்பாலும் தெற்கே இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். அவர்கள் முதல் முறை வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவருகே வந்து கூட்டமாக நின்றுவிட்டார்கள். உள்ளே வரவில்லை. எல்லாருடைய கண்ணும் தரையில் எதையோ தேடியது. கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"மேடம், எங்கிட்டு நடக்கணும்?"

கம்பெனியில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும். கோடு தாண்டினால் சூப்பர்வைசர் கத்துவார். கோடே இல்லாத தரையில் எப்படிக் கால் வைப்பது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவள்தான் பதில் சொன்னாள்.

"எங்க வோணா நட. எல்லாப் பக்கமும் வழிதான்."

கொஞ்ச நாளில் அந்தப் பெண்கள்தான் ஷெட்டின் ராணிகள் ஆனார்கள். பையன்களுக்குப் புள்ளிக்கோலம் போடத் தெரியாது. இவர்கள் காலையில் வந்ததும் சுற்றி நின்று, இன்று கன்வேயர் செய்யலாமா, மூன்று அணியாகப் பிரியலாமா, ரோபோ கை நடுவில் இருந்தால் எல்லாருக்கும் எட்டுமா என்று வாதாடுவார்கள். பிறகு ஒருத்தி குனிந்து புள்ளிகளை இணைத்துக் கோடு இழுப்பாள். கோடு காய்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்து மேசைகளைத் தள்ளுவார்கள். லைனில் ஒரே ஸ்க்ரூவை நாள் முழுக்க முடுக்கிவிட்டு வந்தவள், இங்கே லைன் எப்படி இருக்க வேண்டும் என்று தானே வரைவாள். தப்பாக வரைந்தால் மதியம் அழித்துவிட்டு வேறு மாதிரி வரைவாள். தப்பு செய்ய இடம் கொடுப்பதுதான் லேப் என்று என் தோழி சொல்வாள். சொல்லிவிட்டு, பெரிய தத்துவம் பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

நான் அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை.

அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாளாளர் சில கம்பெனிக்காரர்களை அழைத்து வந்தார். கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் பயிற்சி தரப்போவதாகப் பேச்சு. வருகிறவர்களுக்குப் பழகின மாதிரி இருக்கட்டும் என்று தாளாளர் கேட்டுக்கொண்டதால், மேசைகள் எல்லாவற்றையும் ஒரே நீளமாக, அசெம்பிளி லைன் மாதிரி சுவரோடு சுவராக நிறுத்தினோம். மாக்கோலம் அன்று அவள் தன் கையால் இழுத்த வெறும் இரண்டு நேர்கோடு. வந்தவர்கள் பார்த்தார்கள், பிரமாதம் என்றார்கள், பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம ஷெட்டு மாதிரியே இல்லடி. நம்ம பழைய பட்டறை மாதிரி கீது. நாளைக்குக் காலையில மொத வேலையா இத்தக் கலைக்கணும்."

"கலைக்கலாம்டி, போ. இருட்டப் போவுது."

"நீ சீக்கிரம் வா. நீ கத்தனாத்தான் பசங்க வேகமாத் தள்ளும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

குன்றத்தூர் கோவில் மலையடிவாரத்தில் நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரகடம் ரோட்டில், வளைவில், கன்டெய்னர் லாரி. அந்த ரோட்டில் தினமும் போகிற எல்லாருக்கும் அந்த வளைவு தெரியும். அவளுக்கும் தெரியும். கீரைக்காரம்மா என் கையிலிருந்து விழுந்த கீரைக்கட்டை எடுத்து மறுபடி என் பையில் வைத்தார். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. மற்றதை நினைத்துப் பார்க்க இன்றைக்கும் தைரியம் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு ஷிப்ட் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள் எங்கள் பெண்கள். மண் போட்டுவிட்டு அப்படியே கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள்.

கல்லூரிக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். மறுநாள் நான் ஷெட்டுக்குப் போனபோது பிள்ளைகள் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். மேசைகள் அவள் விட்டுப்போன மாதிரியே நீளமாக நின்றன. தரையில் அந்த இரண்டு கோடுகள் இருந்தன. யாரும் துடைக்கவில்லை, புதிதாகப் போடவும் இல்லை. மாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சாவு விழுந்த வீட்டு வாசலில் ஏன் கோலம் இல்லை என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

கோலம் போடாவிட்டால் மேசை நகராது. அப்படித்தான் பழகியிருந்தோம். மேசைகள் நின்ற இடத்திலேயே நிற்க, அந்த நீள வரிசையிலேயே பாடம் நடத்தினேன். மறுபடி முதுகுகள். மறுபடி கடைசியில் பெண்கள். அந்த நாட்களில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் திருநெல்வேலிப் பெண் என் மேசையருகே வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மேடம், எங்க ஊர்ல பதினாறு கழிஞ்சா கோலம் போட்டுருவோம். அவிய வேதக்காரவியல்லா? அவியளுக்கு எப்பம்னு தெரியல. நீங்க சொன்னியன்னா போடுதோம்."

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். அவளுக்கு எந்தக் கடை டீ பிடிக்கும், எந்த மழையில் சளி பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் வீட்டில் துக்கம் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் பெண்ணுக்கு அழுவது எப்போது முடியும் என்றா கேட்பது? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. "பொறும்மா, பார்ப்போம்" என்றேன். பதினாறு நாள் போயிற்று. தொழிற்சாலைப் பெண்கள் பையன்களைக் கேட்டார்கள், பையன்கள் வேறு துறையில் படிக்கும் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கேட்டார்கள், அவன் நாற்பது நாளாக இருக்கும் என்றான். எதற்கும் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று எல்லாரும் பொறுத்தார்கள். முதலில் போடுகிறவளாக இருக்க யாருக்கும் மனம் இல்லை.

இதற்கு நடுவில் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். முன்பு பார்த்த அதே இடத்தில் அதே மேசைகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த வாரம் தாளாளர் கூப்பிட்டார். அறையில் முதல்வரும் துறைத் தலைவரும் இருந்தார்கள்.

"பாருங்கம்மா, இத்தனை நாளா அங்க எதையும் யாரும் நகர்த்தல. கிளாஸும் நின்னுடல. அப்ப நகர்த்தாமலே நடக்கும்னு தெரியுதில்ல? கம்பெனிக்காரங்களுக்கு இந்த அமைப்பு பிடிச்சிருக்கு. சக்கரத்தைக் கழட்டி போல்ட் போட்டுடலாம். தரையில முறையா மஞ்சள் கோடு அடிச்சிடலாம்."

"சார், அது துக்கம் சார். பிள்ளைங்க கோலம் போடாம இருக்காங்க. அதனாலதான் நகர்த்தல."

"துக்கம் எனக்கும்தாம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "அதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பொண்ணு கடைசியா தன் கையால வச்ச அமைப்பு. அது அப்படியே நிரந்தரமா இருக்கட்டும். ஷெட்டுக்கு அவங்க பேரையே வைப்போம். போட்டோ வைப்போம்."

"கடைசியா அவ என்ன சொன்னா தெரியுமா சார்? காலையில மொத வேலையா இதைக் கலைக்கணும்னு சொன்னா. அவளுக்கு அது பிடிக்கவே இல்ல. நீங்க கேட்டீங்கன்னு வச்சா."

முதல்வர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். நான் கத்தியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. துறைத் தலைவர் என் பக்கம் குனிந்து, "மேடம், ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க" என்றார். செத்துப்போனவள் கடைசியாகத் தொட்டதைக் கலைக்கச் சொல்கிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அவள் என்னிடம் சொன்னது வண்டி நிறுத்துமிடத்தில். கேட்டவள் நான் ஒருத்தி. நான் வேறு எப்போதும் எதற்காவது கத்துகிறவள்.

நேராக ஷெட்டுக்கு வந்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"மாவு கரைங்க. இப்பவே கோலம் போடணும். எல்லா மேசையையும் மாத்தணும்."

யாரும் அசையவில்லை. நானே போய் முதல் மேசையின் பிரேக்கை உதைத்துத் தள்ளினேன். அது ஒரு முழம் நகர்ந்தது. அந்தத் திருநெல்வேலிப் பெண் ஓடி வந்து மேசையைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். அவிய கை பட்டது மேடம். அவிய வச்சதுல கை வைக்க எங்களுக்கு மனசு வரலை."

அவள் அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். எங்கே நடப்பது என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற அதே பிள்ளைகள். அவர்களை விலக்கிவிட்டு ஒரு மேசையைத் தள்ள என் கையில் வலு இல்லை. நகர்ந்த ஒரு முழத்தைத் திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். அன்று நானும் அவர்களோடு உட்கார்ந்து அழுதேன். அவள் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்களே, எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது ஷெட்டிலிருந்து டிரில் சத்தம் கேட்டது. சக்கரங்களைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டிருந்தார்கள். மேசைக் கால்களில் இரும்புத் தகடு வைத்து, தரையைத் துளைத்து ஆங்கர் போல்ட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் போட்ட அந்த இரண்டு மாக்கோலக் கோடுகளின் மேலேயே, அளவு தப்பாமல், மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். பித்தளைப் புள்ளிகள் பெயிண்டுக்கு அடியில் போயின. மேலே தொங்கின பிளக்குகளில் பாதியை வெட்டிவிட்டார்கள். இனி அங்கே மேசை வராது, எதற்கு வீண் என்று. வேலைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களில் ஒருவர் சுவரில் மாட்ட வைத்திருந்த அவள் போட்டோவைப் பார்த்து, "இவங்களா மேடம் இத்தெல்லாம் கட்னது? நல்லா நேரா வச்சிகீறாங்க" என்றார்.

பெயர் சூட்டும் விழா வைத்தார்கள். வாசலில் பெரிய படிக்கோலம். உள்ளே இல்லை, உள்ளே பெயிண்ட். சுவரில் அவள் படம், அதைச் சுற்றி மின்னும் சிவப்பு பச்சை பல்பு. தாளாளர் பேசினார், குரல் உடைந்தது. பிள்ளைகள் அழுதார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள், முடியாது என்றுவிட்டேன்.

அம்மா வந்திருந்தார். அதே வெளிர்நீலப் புடவை, அதே பர்ஸ். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பொன்னாடை போர்த்தியதும் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூட்டம் டிபன் சாப்பிடப் போன பிறகு என்னிடம் வந்தார். தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா மாவுக்கோலம்? பசங்க டெய்லி போடும், அத்த பாத்துத்தான் டேபிள நவுத்தும்னு வூட்ல வந்து சொல்லிக்கினே இருக்கும்."

"பிள்ளைங்க துக்கத்துக்குப் போடாம இருந்தாங்கம்மா. உங்களுக்கு எத்தனை நாள்னு யாருக்கும் தெரியல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கள்ல அதெல்லாம் ஏதும்மா? பொட்டிய எறக்கிட்டு வந்து ஜெபம் பண்ணோம். மறுவாரமே நான் கேன்டீனுக்குப் பூட்டேன். என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னிக்கே போடுங்கன்னு சொல்லியிருப்பனே."

ஒரு வார்த்தை. நான் போனில் கேட்கக் கூசிய அந்த ஒரு வார்த்தை. ஷெட்டில் இருந்த ஒவ்வொருவரும், நான் உட்பட, அவள் மேல் இருந்த பாசத்தினால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பாசமே அவள் கட்டினதைத் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டது. யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வேன்? என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபப்பட ஆள் இல்லாமல் நின்றேன்.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. நேராக அந்தப் பெரிய மேசைக்குப் போனார். வைஸும் டிரில்லிங் மெஷினும் இருந்த அதே மேசை. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். சுட்டுவிரலை அதன் ஓரத்தில் வைத்துத் தள்ளினார்.

கொஞ்சம் நின்று, உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். பிறகு பொன்னாடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கொடுத்து, தோளைச் சாய்த்துத் தள்ளினார். காய் நறுக்கிக் காய்ப்பேறின விரல்கள் வெளுத்துப் போயின. கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பலமே பூட்ச்சிம்மா எனுக்கு. அன்னிக்கி ஒரு வெரல்ல தள்ளினு போனேன், நீ கூடப் பாத்தியே. அது போனதுலருந்து ஒடம்புல ஒண்ணுமே இல்ல."

மேசைக் காலில் போல்ட்டின் தலை தெரிந்தது. அதற்கும் மஞ்சள் அடித்திருந்தார்கள். அவர் புடவைக் கொசுவத்துக்கு அருகிலேயே இருந்தது, குனிந்திருந்தால் பார்த்திருப்பார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உங்கள் பலம் எங்கேயும் போகவில்லை அம்மா, உங்கள் பெண் செய்ததைத்தான் தரையில் அறைந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பலம் போயிற்று என்பதையா, இதையா, இரண்டில் எதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது?

அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் கைகளுக்கு அருகே என் கைகளை வைத்தேன்.

"வாங்கம்மா, சேர்ந்து தள்ளலாம்."

தள்ளினோம். என் பலம் முழுவதையும் கொடுத்துத்தான் தள்ளினேன். மேசை நகரவில்லை.

"உனுக்கும் முடியலியா?" என்றார்.

"முடியலம்மா" என்றேன்.